50-ம் ஆண்டு விழாவுக்கு 2 நாள் முன்பு வந்த மரணச் செய்தி! ஃப்ராங்கோ ஹாரிஸை ரசிகர்கள் எப்படி வழியனுப்பினார்கள்?

2022 டிசம்பர் 21, புதன்கிழமை காலை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம் ஒரு பெரிய கொண்டாட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. டிசம்பர் 23-ம் தேதி, அந்த ஊரே பெருமையாகச் சொல்லும் ஒரு கேட்ச்சுக்கு 50-வது பிறந்தநாள். மறுநாள் 24-ம் தேதி, அந்த கேட்ச்சைப் பிடித்த ஃப்ராங்கோ ஹாரிஸின் 32-ம் எண் ஜெர்ஸிக்கு, மைதானத்தில் வைத்து ஓய்வு கொடுக்கும் விழா. எல்லாம் ரெடி.

அன்று காலைதான் அந்தச் செய்தி வந்தது. முந்தைய நாள் இரவு ஃப்ராங்கோ ஹாரிஸ் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். வயது 72.

விழா நாயகனே இல்லை. இனி விழாவை என்ன செய்வது? ரத்து செய்யவில்லை. பிட்ஸ்பர்க் ரசிகர்கள் அந்த மூன்று நாளில் செய்தது, ஒரு விளையாட்டு வீரருக்கு ஊர் கொடுக்கும் மரியாதை எப்படி இருக்கும் என்பதற்கு நல்ல உதாரணம். அதைப் புரிந்துகொள்ள முதலில் அந்த ஆட்டம், அந்த ஊர், அந்த மனிதர் மூன்றையும் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும்.

'ரன்னிங் பேக்'னா என்ன பாஸ்?

நம்ம ஊரில் ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது. அமெரிக்கர்கள் அதை 'சாக்கர்' என்பார்கள். அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்தை.

விதி ரொம்ப சிம்பிள். ஓர் அணிக்கு 4 வாய்ப்புகள். அதற்குள் 10 யார்டு (சுமார் 9 மீட்டர்) முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் 4 வாய்ப்பு கிடைக்கும். இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் 'டச் டவுன்', 6 பாயின்ட்.

குவாட்டர்பேக் என்பவர் அணியின் மூளை. பந்தைத் தூக்கி எறிவது அவர் வேலை. ரன்னிங் பேக் என்பவர் அந்தப் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு, 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள எதிராளிகள் நிற்கும் சுவருக்குள் புகுந்து ஓடுபவர். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் யாராவது ஒருவர் அவரைத் தரையில் சாய்ப்பார். எழுந்து மறுபடியும் ஓட வேண்டும். உடம்பு சீக்கிரம் தேய்ந்துபோகும் வேலை இது. பல ரன்னிங் பேக்குகளின் கரியர் சில வருடங்களிலேயே முடிந்துவிடும்.

ஹாரிஸ் 13 சீசன் ஓடினார். ஓடியே சேர்த்த தூரம் 12,120 யார்டு. கணக்குப் போட்டால் சுமார் 11 கிலோமீட்டர். 'இவ்ளோதானா?' என்று தோன்றும். ஆனால், அதில் ஒவ்வொரு மீட்டரும் மேலே வந்து விழுபவர்களைத் தாண்டி எடுத்தது!

40 வருஷம் தோற்ற டீம்

பிட்ஸ்பர்க் ஓர் இரும்பு எஃகு நகரம். அணியின் பெயரே 'ஸ்டீலர்ஸ்'. 1933-ல் ஆர்ட் ரூனி என்பவர் தொடங்கிய அணி. ஊரில் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால், அணி மட்டும் ஜெயிக்காது. தொடங்கி 39 வருஷமாகியும் நாக்-அவுட் சுற்றில் ஒரு மேட்ச்கூட ஜெயித்ததில்லை.

1972-ல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து ஹாரிஸை எடுத்தது ஸ்டீலர்ஸ். முதல் சீசனிலேயே 1,055 யார்டு. சிறந்த புதுமுக வீரர் விருது. அணி நாக்-அவுட்டுக்குள் நுழைந்தது.

ஹாரிஸின் பின்னணியும் ஊருக்குப் பிடித்துப்போனது. அப்பா, இரண்டாம் உலகப்போரில் பணியாற்றிய கறுப்பின ராணுவ வீரர். அம்மா இத்தாலியப் பெண், போர் முடிந்து கணவரோடு அமெரிக்கா வந்தவர். பிட்ஸ்பர்க்கில் இத்தாலிய வம்சாவளியினர் ஏராளம். 'நம்ம பையன்பா இவன்' என்று அவர்கள் கொண்டாடத் தொடங்கினார்கள். பீட்சா கடைக்காரர் ஒருவரும் பேக்கரிக்காரர் ஒருவரும் சேர்ந்து ஆரம்பித்த ரசிகர் படையின் பெயர் 'ஃப்ராங்கோவின் இத்தாலியன் ஆர்மி'. ராணுவ ஹெல்மெட், இத்தாலியக் கொடி, கூடவே ஒயின் என்று கேலரியில் ஒரே அமர்க்களம். பாடகர் ஃப்ராங்க் சினாட்ராவையே இந்தப் படையில் சேர்த்துவிட்டார்கள். ஓவியா ஆர்மி ட்ரெண்ட் ஆவதற்கு 45 வருஷம் முன்னாடி நடந்த கதை இது!

கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் நடுவே கசப்பு நிறைந்திருந்த காலம் அது. அப்போது ஒரு கறுப்பின வீரரை இத்தாலியக் குடும்பங்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையாகத் தத்தெடுத்தது சாதாரண விஷயம் இல்லை.

அந்தக் கடைசி 22 விநாடிகள்

1972 டிசம்பர் 23, சனிக்கிழமை. த்ரீ ரிவர்ஸ் ஸ்டேடியம். எதிரணி ஓக்லாந்து ரெய்டர்ஸ். ஸ்டீலர்ஸ் 6-0 என முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிய 1 நிமிடம் 13 விநாடி இருக்கும்போது ரெய்டர்ஸ் ஒரு டச் டவுன் அடித்து 7-6 என முந்தியது.

மிச்சம் 22 விநாடி. ஸ்டீலர்ஸுக்கு நான்காவது, அதாவது கடைசி வாய்ப்பு. அணியின் ஓனர் ஆர்ட் ரூனி 'தோத்தாச்சு, பசங்களுக்கு ஆறுதல் சொல்லுவோம்' என்று லிஃப்ட்டில் ஏறிக் கீழே கிளம்பிவிட்டார்.

குவாட்டர்பேக் டெர்ரி பிராட்ஷா பந்தை எறிந்தார். இலக்கு, சக வீரர் ஃப்ரெஞ்சி ஃபுக்வா. பந்து வந்து சேரும் அதே கணத்தில் ரெய்டர்ஸின் ஜாக் டேட்டம் முழு வேகத்தில் வந்து மோதினார். பந்து பின்னோக்கித் தெறித்தது. கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

எங்கிருந்தோ ஓடிவந்த ஹாரிஸ், தரையைத் தொட இருந்த பந்தைக் கணுக்கால் உயரத்தில் அள்ளினார். நிற்காமல் அப்படியே எல்லைக்கோடு வரை ஓட்டம். டச் டவுன்! கடிகாரத்தில் மிச்சம் 5 விநாடி.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தத் திட்டத்தில் ஹாரிஸுக்குப் பந்தே வராது. பிராட்ஷாவைப் பாதுகாப்பதுதான் அவர் வேலை. திட்டம் சொதப்பியதும் அவர் நின்று வேடிக்கை பார்க்கவில்லை, பந்து போகும் திசையில் ஓடினார். பந்து எங்கோ அங்கே போ என்பது காலேஜில் கோச் ஜோ பட்டர்னோ சொல்லிக்கொடுத்த பாடம் என்று பின்னாளில் ஹாரிஸ் பலமுறை சொல்லியிருக்கிறார்.

செல்லுமா, செல்லாதா?

சர்ச்சை உடனே கிளம்பியது. அன்றைய விதிப்படி, எறிந்த பந்து ஃபுக்வா மீது மட்டும் பட்டுத் தெறித்திருந்தால் அவர் அணியைச் சேர்ந்த இன்னொருவர் அதைப் பிடிக்க முடியாது. எதிரணியின் டேட்டம் மீது பட்டிருந்தால் பிடிக்கலாம். யார் மீது பட்டது?

நடுவர் ஃப்ரெட் ஸ்வேரிங்கன் மற்ற நடுவர்களிடம் பேசினார். பிறகு மைதானத்தின் ஓரத்தில் இருந்த போனை எடுத்து, மேலே பத்திரிகையாளர் பகுதியில் இருந்த தலைமை அதிகாரியிடம் பேசினார். அதன் பிறகு இரண்டு கையையும் உயர்த்தி டச் டவுன் என்றார். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. ஸ்டீலர்ஸ் 13-7 என வென்றது.

கிடைத்த வீடியோக்களில் எதுவும் இதைத் தெளிவாகக் காட்டவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் ஜான் ஃபெட்கோவிச், பந்து தெறித்த வேகத்தையும் தூரத்தையும் ஆராய்ந்து, 2004-ல் 'அது டேட்டம் மீதுதான் பட்டிருக்க வேண்டும்' என்றார். ரெய்டர்ஸ் ரசிகர்கள் கேட்பார்களா? இன்றுவரை ஏற்கவில்லை. அவர்களின் கோச் ஜான் மேடனும் 2021-ல் இறக்கும்வரை சமாதானம் ஆகவே இல்லை.

அந்த கேட்ச்சுக்குப் பெயர் 'இமாகுலேட் ரிசெப்ஷன்'. மரியாள் பாவ மாசின்றி உற்பவித்தார் என்ற கத்தோலிக்க நம்பிக்கையை ஆங்கிலத்தில் 'இமாகுலேட் கன்செப்ஷன்' என்பார்கள். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் 'அமலோற்பவம்' என்று சொல்வது இதைத்தான். எறிந்த பந்தைப் பிடிப்பதற்கு 'ரிசெப்ஷன்' என்று பெயர். இரண்டையும் கோத்துவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு 2 நாள் முன்பு நடந்த அற்புதம் ஆச்சே! பெயரைக் கொடுத்தது ஏதோ விளம்பர கம்பெனி இல்லை. கொண்டாட்டத்தில் ஒரு ரசிகர் சொன்னதை, இன்னொரு ரசிகை அன்றிரவே வர்ணனையாளர் மைரன் கோப்புக்குப் போன் போட்டுச் சொல்ல, அவர் ஒளிபரப்பில் சொல்லிவிட்டார். 50 வருஷமாக உலகமே அப்படித்தான் கூப்பிடுகிறது.

பார்க்காதவர்களின் நினைவு

இதில் ஒரு விநோதம். அன்று பிட்ஸ்பர்க் மக்களில் பெரும்பாலானோர் அந்த கேட்ச்சை நேரலையில் பார்க்கவே இல்லை!

உள்ளூரில் நடக்கும் மேட்ச்சை உள்ளூர் டிவியில் காட்டக் கூடாது என்பது அன்றைய லீக் விதி. டிக்கெட் மொத்தமும் விற்றுத் தீர்ந்தாலும் தடைதான். அதனால் ஊர் மொத்தமும் ரேடியோவில் காதை வைத்திருந்தது. சிலர் டிவியில் பார்ப்பதற்காகவே தடை எல்லையைத் தாண்டி வெளியூருக்குக் காரில் போனார்கள். ஸ்டேடியத்தில் இருந்தவர்கள் சுமார் 50,000 பேர். ஆனால், 'நான் அன்னைக்கு நேர்ல இருந்தேன்' என்று சொன்னவர்களைக் கூட்டினால் பல லட்சம் தேறும் என்பது அந்த ஊரின் நிரந்தர ஜோக்.

ஓனர் ரூனியும் பார்க்கவில்லை, லிஃப்ட்டில் இருந்தார். சொல்லப்போனால் ஹாரிஸுக்கே பந்தைப் பிடித்த அந்தக் கணம் நினைவில் இல்லையாம்! கிளம்பியதும் கடைசியில் ஓடியதும் மட்டும்தான் தெரியும், நடுவில் ஒன்றும் ஞாபகம் இல்லை என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அதனால்தானோ என்னவோ, அந்த நினைவு யாரோ ஒருவருடையதாக இல்லாமல் எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டது. எங்கே நின்றுகொண்டிருந்தோம், ரேடியோவில் என்ன கேட்டோம், அப்பா எப்படிக் குதித்தார்... இதுதான் பிட்ஸ்பர்க் வீடுகளில் சொல்லப்படும் கதை.

அந்த வருடக் கடைசி இனிமையாகவும் முடியவில்லை. டிசம்பர் 31-ம் தேதி மயாமியிடம் 21-17 எனத் தோற்று ஸ்டீலர்ஸ் வெளியேறியது. அன்றிரவே, அதே ஸ்டேடியத்தில் ஆடிய பேஸ்பால் நாயகன் ராபர்ட்டோ க்ளெமென்ட்டே விமான விபத்தில் இறந்தார். நிகராகுவா பூகம்பத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவிப் பொருள்கள் கொண்டுபோகும் வழியில் நடந்த விபத்து. அந்தப் பூகம்பம் வந்தது டிசம்பர் 23-ம் தேதி. கேட்ச் நடந்த அதே நாள்! பிட்ஸ்பர்க்கின் மூத்த ரசிகர்களுக்கு அந்தப் பத்து நாள் மகிழ்ச்சியும் துக்கமும் கலந்த ஒரே நினைவு.

ஊர் காலியானபோது...

1975-ல் ஸ்டீலர்ஸ் முதல் சூப்பர் பவுலை வென்றது. ஹாரிஸ் 158 யார்டு ஓடி, ஆட்ட நாயகன் விருது வாங்கினார். அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பின வீரர் அவர்தான். 6 சீசனுக்குள் 4 சூப்பர் பவுல் வந்தன. 40 வருஷம் தோற்ற அணியா இது என்று நாடே வாய் பிளந்தது.

ஆனால், அதே நேரம் ஊர் சரிந்துகொண்டிருந்தது. 1980-களில் எஃகு ஆலைகள் வரிசையாக மூடப்பட்டன. இளைஞர்கள் வேலை தேடி வெளியூர் கிளம்பினார்கள். 1970-ல் சுமார் 5.2 லட்சமாக இருந்த நகரின் மக்கள்தொகை, 2020-ல் சுமார் 3 லட்சம். கிளம்பிப் போனவர்கள் எடுத்துச்சென்ற முக்கியமான சொத்து, ஸ்டீலர்ஸ் பாசம். இன்றும் ஸ்டீலர்ஸ் எந்த ஊரில் ஆடினாலும் கேலரியில் மஞ்சள் டவல்கள் சுழல்வதற்கு இதுதான் காரணம். விட்டுவந்த ஊரைத் தொட்டுப் பார்க்க அவர்களுக்கு இருந்த வழிகளில் ஒன்று, ஹாரிஸின் அந்த ஓட்டம்.

எல்லாமே இனிப்பா? இல்லை!

ஹாரிஸ் மீது விமர்சனமும் உண்டு. எதிராளி நெருங்கும்போது மோதாமல் கோட்டுக்கு வெளியே ஓடிவிடுகிறார் என்று கிண்டலடித்தார்கள். முட்டி மோதுவதுதான் வீரம் என்று நம்பிய காலம். தேவையில்லாத அடியைத் தவிர்த்தால் இன்னும் பல வருஷம் அணிக்காக ஓடலாம் என்பது ஹாரிஸின் கணக்கு. தலையில் படும் அடிகளால் பின்னாளில் வீரர்களுக்கு வரும் மூளைப் பாதிப்பு பற்றி இன்று நமக்குத் தெரியும். அந்தக் கணக்கு தப்பில்லை என்றுதான் தோன்றுகிறது.

1984-ல் சம்பளப் பேச்சுவார்த்தை முறிந்து, ஸ்டீலர்ஸ் அவரை விடுவித்தது. சியாட்டிலுக்குப் போய் 8 மேட்ச் ஆடினார், சரிவரவில்லை. ஜிம் பிரவுனின் 12,312 யார்டு மைல்கல்லுக்கு வெறும் 192 யார்டு தூரத்தில் கரியர் முடிந்தது. 12 வருஷம் ஓடிய ஊரைவிட்டு இப்படிக் கிளம்பினால் பலர் திரும்பியே பார்க்க மாட்டார்கள்.

ஹாரிஸ் திரும்பிவந்தார். பிட்ஸ்பர்க்கிலேயே வாழ்ந்தார். பேக்கரி பிசினஸ் தொடங்கினார். அரசுப் பள்ளி மாணவர்களின் கல்லூரிப் படிப்புக்கு உதவும் 'பிட்ஸ்பர்க் ப்ராமிஸ்' அமைப்பின் தலைவராக இருந்தார். கடையில், விமானத்தில், தெருவில் எங்கே பார்த்தாலும் நின்று கைகொடுத்து, அந்த கேட்ச் கதையை ஆயிரமாவது முறை கேட்டாலும் சிரித்தபடி சொல்வார் என்பதுதான் அவர் இறந்தபோது ரசிகர்கள் அதிகம் பகிர்ந்த நினைவு. தங்கள் கதையைச் சொல்லப் போனவர்களிடம், 'நீங்க அன்னைக்கு எங்க இருந்தீங்க?' என்று அவர் திருப்பிக் கேட்பாராம்.

எதிரிகளும் நண்பர்களானார்கள். அன்று ஹாரிஸைக் கண்காணிக்க வேண்டிய ரெய்டர்ஸ் வீரர் ஃபில் வில்லாபியானோ, 'என்னைத் தப்பா மறிச்சுட்டாங்க, அந்த டச் டவுன் செல்லாது' என்று வருஷக்கணக்கில் புலம்பியவர். ஹாரிஸுக்கு நெருங்கிய நண்பரும் அவர்தான்!

விழா நடந்தது

த்ரீ ரிவர்ஸ் ஸ்டேடியம் 2001-ல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஆனால், ஹாரிஸ் பந்தைப் பிடித்த துல்லியமான இடத்தை அளந்து, 2012-ல் நடைபாதையில் ஒரு நினைவுச் சின்னம் பதித்தார்கள். மரணச் செய்தி வந்த அன்றே ரசிகர்கள் பூக்களோடு அங்கே வந்துவிட்டார்கள். ஸ்டேடியம் இல்லை, மனிதரும் இல்லை, ஆனால் போய் நிற்க ஓர் இடம் இருந்தது.

டிசம்பர் 23-ம் தேதி, கேட்ச் பிடித்த அதே பிற்பகல் 3.41 மணிக்கு அங்கே கூட்டம் கூடியது. எலும்பை உறைய வைக்கும் குளிர். ஹாரிஸ் வந்து சிரிக்க வேண்டிய நிகழ்ச்சி, அஞ்சலி நிகழ்ச்சியாக மாறியது.

மறுநாள் சனிக்கிழமை, எதிரணி அதே ரெய்டர்ஸ். 50-ம் ஆண்டுக்காகவே போடப்பட்ட மேட்ச். ஸ்டீலர்ஸ் வீரர்கள் 32-ம் எண் ஜெர்ஸியை அணிந்து மைதானத்துக்கு வந்தார்கள். அவர்களில் யாருமே 1972-ல் பிறந்திருக்கவில்லை. இடைவேளையில் அவர் மனைவியும் மகனும் மைதானத்தில் நிற்க, 32-ம் எண்ணுக்கு ஓய்வு அறிவிக்கப்பட்டது. இனி ஸ்டீலர்ஸில் யாரும் அந்த எண்ணை அணிய முடியாது. அந்த அணியின் வரலாற்றில் இந்த கௌரவம் பெற்ற மூன்றாவது வீரர் ஹாரிஸ்.

அப்புறம் மேட்ச்? பாதி ஆட்டத்தில் ஸ்டீலர்ஸ் 10-3 எனப் பின்தங்கியிருந்தது. கடைசி நிமிடம். மிச்சம் 46 விநாடி. புதுமுக குவாட்டர்பேக் கென்னி பிக்கெட் எறிந்த பந்தை, இன்னொரு புதுமுகம் ஜார்ஜ் பிக்கென்ஸ் பிடித்து டச் டவுன் ஆக்கினார். ஸ்டீலர்ஸ் 13-10 என வென்றது. 1972-ல் எடுத்த அதே 13 பாயின்ட்! சினிமாவில் வைத்தால் 'ஓவரா இருக்குப்பா' என்று சொல்லியிருப்போம்.

ஃப்ராங்கோ ஹாரிஸ்: குட்டி ப்ரொஃபைல்

* பிறப்பு: 1950 மார்ச் 7, நியூ ஜெர்ஸி மாகாணம்
* ஆடிய அணிகள்: பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் (1972-1983), சியாட்டில் சீஹாக்ஸ் (1984)
* ஓடிச் சேர்த்தது: 12,120 யார்டு, 91 டச் டவுன்
* சூப்பர் பவுல் வெற்றிகள்: 4. சூப்பர் பவுல் போட்டிகளில் மொத்தம் 354 யார்டு ஓடிய சாதனை இன்றும் இவர் பெயரில்தான்
* ஹால் ஆஃப் ஃபேம்: 1990
* மறைவு: 2022 டிசம்பர் 20

பிட்ஸ்பர்க் ஏர்போர்ட்டில் இரண்டு ஆளுயரச் சிலைகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன். இன்னொன்று, குனிந்து பந்தை அள்ளும் ஃப்ராங்கோ ஹாரிஸ். எதன் பக்கத்தில் நின்று அதிகம் போட்டோ எடுக்கிறார்கள் என்று பிட்ஸ்பர்க்காரர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள்.

அந்த கேட்ச் யூடியூபில் ஈஸியாகக் கிடைக்கும். முதல் தடவை எல்லோர் கண்ணும் பந்தைத்தான் துரத்தும். இரண்டாவது தடவை பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு, 32-ம் எண் ஜெர்ஸியை மட்டும் கவனியுங்கள். பந்து தெறிப்பதற்கு முன்பே அவர் ஓடிக்கொண்டிருப்பார்.